சொன்னால் கேட்கும் கண்ணாடி: எதை வாங்குவது, யாருக்கு வாங்குவது?

ஸ்மார்ட் கண்ணாடி வாங்கலாமா என்று நான் பார்க்க ஆரம்பித்தது இரண்டு பேருக்காக. ஒன்று எனக்கு. காலையில் சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, அப்புறம் சிம்மக்கல்லில் பஸ் ஏறி மாட்டுத்தாவணி வரை போவது என்று கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறது. போனை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்காமல் வாயால் சொன்னால் வேலை நடக்குமா என்று ஓர் ஆசை. இன்னொன்று திருமங்கலத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு. சர்க்கரையால் விழித்திரை பாதித்து, ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது, எழுத்து சுத்தமாகத் தெரியாது என்ற நிலைமை. "கண்ணாடியே படிச்சுச் சொல்லுதாமேம்மா, டிவியில காட்டுனான்" என்று முதலில் கேட்டதே அவர்தான்.

இரண்டு மாதமாக விசாரித்து, தெரிந்தவர்களிடம் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அப்புறம். அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து உங்களுக்குப் பதில் சொல்லப்போவது யார், அதற்குத் தமிழ் புரியுமா, இதை முதலில் பாருங்கள். விளம்பரங்களில் இது கண்ணிலேயே படாது, ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் நாளே தெரிந்துவிடும்.

கடையிலும் இணையத்திலும் எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட் கிளாஸ் என்று ஒரே பெயர்தான், உள்ளே இருப்பது வேறு வேறு சாமான். முதல் வகையில் கேமரா கிடையாது, திரை கிடையாது. காதில் மாட்டும் கம்பிக்குள் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும், ப்ளூடூத்தில் போனோடு சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். டைட்டன் ஐஎக்ஸ் 2022 ஜனவரியில் 9,999 ரூபாய்க்கு வந்தது, லென்ஸ்கார்ட்டின் ஃபோனிக் 2024 டிசம்பரில் 4,000 ரூபாய்க்கு வந்தது, இதெல்லாம் இந்த வகை. அமேசானின் எக்கோ ஃபிரேம்ஸும் கேமரா இல்லாததுதான், ஆனால் அது முழுக்க அலெக்ஸாவை நம்பி இருக்கிறது. அலெக்ஸா நம் ஊரில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறது, தமிழ் பேசுவதில்லை.

இரண்டாவது வகை கேமராவும் ஏஐயும் சேர்ந்தது. இன்று எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான், அதாவது ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா கம்பெனியின் ரே-பான் மெட்டா. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, 2025 மே மாதம் இந்தியாவுக்கு 29,900 ரூபாயில் வந்தது. 12 மெகாபிக்சல் கேமரா, ஐந்து மைக், பெட்டியில் வைத்தால் சார்ஜ் ஆகிக்கொள்ளும். முதல் தலைமுறை ஒரு சார்ஜுக்கு நான்கு மணி நேரம் என்றால், 2025 செப்டம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை எட்டு மணி நேரம் என்கிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. கண்ணாடியைத் தயாரிக்கும் எஸ்ஸிலோர்லக்சோட்டிகா, 2023 அக்டோபரிலிருந்து 2025 தொடக்கம் வரை 20 லட்சம் விற்றதாகச் சொன்னது. பொருள் நன்றாக இல்லாமல் இத்தனை பேர் வாங்க மாட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, லென்ஸிலேயே எழுத்து தெரிகிற வகை. ஈவன் ரியாலிட்டீஸ் ஜி1 என்று ஒன்று, 599 டாலர், கேமராவும் ஸ்பீக்கரும் இல்லாமல் பச்சை எழுத்து மட்டும் கண் முன்னால் காட்டும். மெட்டாவே 2025 செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவில் 799 டாலருக்குத் திரை வைத்த ஒன்றை விற்க ஆரம்பித்தது, மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி விரல் அசைவால் இயக்குவது. காது மந்தமானவர்களுக்கு, எதிரில் இருப்பவர் பேசுவது எழுத்தாக ஓடுவது பெரிய வரம். எங்கள் வீட்டில் அந்தத் தேவை இல்லை, அந்த விலையும் கட்டுப்படியாகாது, அதனால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நான்காவது வகைக்குக் கடைசியில் வருகிறேன், அது பார்வை இல்லாதவர்களுக்கென்றே செய்தது.

இனி சமையலறைக்கு வருவோம். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கேமரா உள்ள கண்ணாடி ஒன்றைப் பத்து நாளைக்கு வாங்கி வந்திருந்தேன். இட்லிக்கு அரைத்த மாவு கையெல்லாம் ஒட்டியிருக்க, அடுப்பில் குக்கர். "பத்து நிமிஷம் கழிச்சு ஞாபகப்படுத்து" என்றேன். பதில் இல்லை. ஆங்கிலத்தில் கேட்டேன், உடனே செய்தது. சரி, பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்து அழகர் மாமாவுக்குப் போன் போடச் சொன்னேன். என் போனில் அவர் பெயர் ஆங்கில எழுத்தில், ழ-வுக்கு இசட்-எச் போட்டுத்தான் இருக்கிறது, நம்மில் பெரும்பாலோர் அப்படித்தானே பதிந்து வைத்திருக்கிறோம். நான் "அழகர்" என்று சொன்னால் அதற்குப் புரியவில்லை. "அஸ்ஹாகர்" என்று, அது எப்படிப் படிக்குமோ அப்படி, நானே மாற்றிச் சொன்னபோதுதான் போன் போனது. நாற்பது வருஷமாகக் கூப்பிடுகிற பெயரை ஒரு கருவிக்காகக் கோணலாக உச்சரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டேன், ஐந்தாம் நாள் கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அதே வாரம் என் தம்பியிடம் இருந்த, கேமரா இல்லாத ப்ளூடூத் கண்ணாடியைப் போட்டேன். அதில் மூளை என்று ஒன்றும் கிடையாது. கம்பியை அழுத்திப் பிடித்தால் போனில் இருக்கும் கூகுள் உதவியாளர் விழித்துக்கொள்ளும், பேசுவது போனோடுதான். போனில் தமிழ் இருக்கிறதே! கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினி செயலி 2024 ஜூன் மாதம் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளோடு வந்தது. "அரை கிலோ ரவைக்கு எவ்வளவு உளுந்து" என்று நான் கேட்க, காதில் தமிழில் பதில் வந்தது; அளவு சரியா தப்பா என்பது வேறு விஷயம், பேசினால் பேச்சு நடக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளிடம் கிடைக்காதது இந்தச் சின்னப் பொருளில் கிடைத்தது, காரணம் அது புத்திசாலி என்பதல்ல, புத்தியைப் போனிடமே விட்டுவிட்டது என்பதுதான். போனில் தமிழ் மேம்படும்போதெல்லாம் இந்தக் கண்ணாடியும் தானாக மேம்படும். கேமராக் கண்ணாடியில் கம்பெனி எந்த மொழியை எப்போது சேர்க்கிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். மெட்டா 2025-ல் இந்தியைச் சேர்த்தது, நல்லது. எனக்கு வேண்டியது என் மொழி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்பீக்கர்கள் காதுக்குள் போவதில்லை, காதுக்கு மேலேயிருந்து காதை நோக்கி ஒலியைத் தள்ளுகின்றன. அதனால் வெளிச்சத்தம் அப்படியே கேட்கும், ரோட்டில் நடக்கும்போது இது பாதுகாப்பு. ஆனால் மிக்ஸி ஓடினால் ஒன்றும் கேட்காது. பஸ்ஸில் டிரைவர் ஏர்ஹாரன் அடிக்கிற வேகத்துக்கு இதில் பாட்டுக் கேட்க முடியாது, இயர்போன்தான் சரி. போன் பேச மட்டும் அருமை, எதிர்முனையில் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னார்கள். வண்டி ஓட்டுபவர்கள் வாங்குவதற்கு முன் ஹெல்மெட்டோடு போட்டுப் பாருங்கள். எந்த வகையானாலும் கம்பி தடிமனாக இருப்பதால் ஹெல்மெட் அதைக் காதுக்கு மேல் எலும்பில் வைத்து அழுத்தும், கால் மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் யோசிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. ரே-பான் மெட்டாவுக்குக் கம்பெனியே போட்டுத் தரும் லென்ஸ் முதல் தலைமுறையில் மைனஸ் 6-லிருந்து பிளஸ் 4 வரைதான். அதற்கு மேல் பவர் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். அந்த லென்ஸ் விலை தனி, 29,900-க்குள் அடங்காது. எடை ஏறக்குறைய ஐம்பது கிராம் வரும், நாம் வழக்கமாகப் போடுகிற லேசான பிரேமைப் போல இரண்டு மடங்கு. சித்திரை வெயிலில் மூக்குப் பாலத்தில் வியர்வை வழிய இதை நாள் முழுக்கப் போட்டுப் பாருங்கள், தெரியும். தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்றுதான் அதற்கு மதிப்பீடு இருக்கிறது, மழையில் நனையலாம் என்று அர்த்தம் இல்லை.

அப்புறம், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை: கண்ணாடி சார்ஜில் இருக்கும்போது நீங்கள் எதைப் போட்டுக்கொண்டு பார்ப்பீர்கள்? போன் சார்ஜில் கிடந்தால் அரை மணி நேரம் சும்மா இருக்கலாம். மைனஸ் 4 இருப்பவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் சாதாரணக் கண்ணாடி ஒன்று எப்படியும் கூடவே வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, கம்பிக்குள் வைத்து மூடியது. இரண்டு மூன்று வருஷத்தில் அது சோர்ந்துபோனால், கடைக்காரர் திறந்து மாற்றித் தருகிற சாமான் இல்லை. லென்ஸ் நன்றாக இருக்கும், பிரேம் நன்றாக இருக்கும், பேசுவது மட்டும் நின்றுவிடும்.

கேமரா விஷயத்தில் என் மனசு ஒரே இடத்தில் நிற்கிறது. கூகுள் செய்த கேமராக் கண்ணாடி, கூகுள் கிளாஸ், நினைவிருக்கும், 2013-ல் 1,500 டாலருக்கு வந்து, 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். விலை ஒரு காரணம் என்றால், எதிரில் நிற்பவர் தங்களைப் படம் எடுக்கிறாரோ என்று மக்கள் கூசியது இன்னொரு காரணம். இப்போது வருகிற கண்ணாடிகள் பார்க்க சாதாரணக் கூலிங் கிளாஸ் மாதிரியே இருப்பதால் அந்தக் கூச்சம் வரவே வாய்ப்பில்லாமல் போய்விட்டது. படம் எடுக்கும்போது ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரியும், அதை மறைத்தால் எடுக்காது என்று செய்திருக்கிறார்கள். ஆனால் காசு வாங்கிக்கொண்டு அந்த விளக்கைச் செயலிழக்க வைத்துத் தருபவர்கள் இருப்பதாக 2025-ல் செய்தி வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் இந்தக் கண்ணாடியில் வந்த முகத்தை இணையத் தேடலோடு இணைத்து, வழியில் போகிறவர் பெயர் முதல் விலாசம் வரை எடுத்துக் காட்டினார்கள், எச்சரிப்பதற்காக. பேச்சும் அப்படித்தான்: மெட்டா 2025 ஏப்ரலில் விதியை மாற்றியது, ஏஐயிடம் பேசுகிற குரல் பதிவு இயல்பாகவே சேமிக்கப்படும், வேண்டாம் என்றால் நாமே போய் அழிக்க வேண்டும்.

எனக்கு இது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை. என் வீட்டுக்கு மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள், நைட்டியோடு, தலையைக் காயவைத்துக்கொண்டு, மனசில் இருப்பதைப் பேசுவார்கள். முகத்தில் கேமராவோடு நான் அவர்கள் நடுவில் உட்கார மாட்டேன். பத்து நாளில் ஒரு நாள் உட்கார்ந்தேன், ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டு, "அது என்னக்கா விளக்கு?" என்று கேட்டாள். விளக்கு எரியவே இல்லை, கண்ணாடியில் டியூப்லைட் பட்டு மின்னியிருக்கிறது. ஆனால் அவள் அப்புறம் அந்தப் பேச்சைத் தொடரவில்லை.

கோயிலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. மீனாட்சி அம்மன் கோயிலில் அதற்கு முன்பிருந்தே தடை இருக்கிறது, போனைக் கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகிறோம். போனைக் கொடுத்துவிடலாம். பவர் போட்ட கேமராக் கண்ணாடியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, அம்மனை எதைக் கொண்டு பார்ப்பது? கொடுக்காமல் போனால் மாட்டிக்கொள்வோம். 2025 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயிலில் கேமராக் கண்ணாடியால் படம் எடுத்த ஒருவரைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. வாராவாரம் கோயிலுக்குப் போகிறவர், கேமராக் கண்ணாடியைத் தன் ஒரே கண்ணாடியாக வைத்துக்கொள்ளவே கூடாது.

இனி பெரியப்பா. இவருக்கு என் கணக்கெல்லாம் தலைகீழ். கேமராதான் அவருக்கு வேண்டும், கண்ணுக்குப் பதில் அதுதானே பார்க்கப்போகிறது. அந்தக் கடன் வாங்கிய கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டேன். வாசலைப் பார்த்து அது ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: ஒரு சைக்கிள், ஒரு வாழை மரம், நீல நிறச் சுவர். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "செவுத்துக்கு நீலமா அடிச்சாங்க?" என்றார். போன பொங்கலுக்கு அடித்தது, யாரும் அவரிடம் நிறம் சொல்லவில்லை. இந்தப் பொருளின் அருமை எனக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது.

ஆனால் அடுத்து அவர் நீட்டியது மாத்திரை அட்டை. அதைக் கண்ணாடியின் முன் பிடித்தோம். இந்தக் கேமராக்கள் அகலமாகப் பார்க்கத்தான் செய்தவை, சின்ன எழுத்தைக் கிட்டத்தில் பார்க்க அல்ல. அலுமினியத் தகட்டில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது, பெயர் பாதி கிழித்த இடத்தில் போய்விட்டது, காலாவதித் தேதி மையில்லாமல் வெறுமனே அழுத்தி அச்சடித்தது. மூன்று தடவை கேட்டதில் இரண்டு தடவை வேறு வேறு மில்லிகிராம் சொன்னது. தயவுசெய்து மருந்தை மட்டும் இதை நம்பிச் சாப்பிடாதீர்கள், எந்தக் கம்பெனிக் கண்ணாடியாக இருந்தாலும். தெரியவில்லை என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, தப்பான எண்ணை அதே திடமான குரலில் சொல்கிறது. சர்க்கரை மாத்திரையில் அளவு மாறினால் என்ன ஆகும் என்று வீட்டில் சர்க்கரைக்காரர் இருப்பவர்களுக்குத் தெரியும். பெரியம்மா காலைக்கு ஒரு டப்பா, இரவுக்கு ரப்பர் பேண்ட் சுற்றிய டப்பா என்று பிரித்து வைத்திருக்கிறார், அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அதனால் அவருக்கு முதலில் பணம் செலவழிக்காத வழி ஒன்றைச் செய்தேன். பீ மை ஐஸ் என்று ஒரு செயலி, டென்மார்க்கில் தொடங்கி 2015-ல் வந்தது, இலவசம். பார்வை இல்லாதவர் அழைத்தால் அவர் மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவர் வீடியோவில் வந்து, கேமராவில் தெரிவதைச் சொல்வார். 2024 இறுதியிலிருந்து ரே-பான் மெட்டாவிலிருந்தே, கையைத் தொடாமல் இதை அழைக்கும் வசதி சில நாடுகளில் தொடங்கியது. கண்ணாடி இல்லாமல் போனிலேயே இது வேலை செய்யும் என்பதுதான் நமக்கு முக்கியம். எதிர்முனையில் மனுஷக் குரல், "ஐயா, கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க" என்று சொல்கிற குரல். பெரியப்பாவுக்கு இயந்திரத்தைவிட இதுதான் பிடித்தது.

கண்ணாடியாகவே வேண்டும் என்றால் நான்காவது வகைதான் பார்க்க வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த என்விஷன், கூகுள் கிளாஸின் தொழில்துறைப் பதிப்பின் மேல் பார்வையற்றவர்களுக்கான மென்பொருளைச் செய்தது. அதைத் தொடங்கியவர்கள் கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் என்ற இருவர். கூகுள் 2023-ல் அந்தக் கண்ணாடியையும் விற்பதை நிறுத்திவிட்டது, விலையும் நமக்கு எட்டாதது. இதைவிடக் குறைந்த விலையில் பெங்களூருவின் எஸ்எச்ஜி டெக்னாலஜீஸ் செய்யும் ஸ்மார்ட் விஷன் கண்ணாடி இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, எதிரில் இருப்பதைச் சொல்வது, முகத்தை அடையாளம் சொல்வது என்று வேலைகளைப் பிரித்து, பொத்தானில் வைத்திருக்கிறார்கள், இந்திய மொழிகளையும் மனதில் வைத்துச் செய்தது. அழகாக இருக்காது, பாட்டுக் கேட்க முடியாது. பெரியப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். ஆனாலும் இதைக் கேட்டவுடன் வாங்கிவிடாதீர்கள். முதலில் பார்வைக்குறைவுப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மதுரை அரவிந்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இருக்கிறது. மிச்சம் இருக்கிற பார்வைக்குச் சரியான உருப்பெருக்கி, மேசை விளக்கு வைக்கும் இடம், தனியாக நடக்கும் பயிற்சி எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். சிலருக்கு ஒரு நல்ல உருப்பெருக்கியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எனக்கு என்ன வாங்கினேன் என்றால், கேமரா இல்லாத ப்ளூடூத் கண்ணாடிதான், என் பவரில் லென்ஸ் போட்டு. பழைய கண்ணாடி அலமாரியில் சார்ஜ் நேரத்துக்காகக் காத்திருக்கிறது. ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்துப் போடுகிறவர், ஆங்கிலத்திலேயே நாள் முழுக்கப் புழங்குகிறவர், பிள்ளை ஓடி வருவதைக் கையில் போன் இல்லாமல் படம் பிடிக்க ஆசைப்படுகிற அப்பா, இவர்களெல்லாம் ரே-பான் மெட்டாவே வாங்கலாம், மனசார சொல்கிறேன். அவசரம் இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்: கூகுள் 2025 மே மாதம் ஜென்டில் மான்ஸ்டர், வார்பி பார்க்கர் நிறுவனங்களோடு சேர்ந்து ஜெமினி உள்ள கண்ணாடிகளைச் செய்வதாக அறிவித்தது. போனில் ஜெமினிக்கு இருக்கிற தமிழ் அந்தக் கண்ணாடியிலும் இருந்தால், நான் மேலே எழுதியதில் பாதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும், சந்தோஷமாகத் திருத்துவேன்.

பெரியப்பாவை வருகிற புதன்கிழமை அரவிந்துக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டில் அவர் படிக்க நினைப்பதையெல்லாம் எடுத்து வரச் சொன்னேன். மாத்திரை அட்டை, பேங்க் பாஸ்புக், பேத்தி எழுதிய இன்லாண்டு லெட்டர் ஒன்று, எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு இப்போதே வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம்.